ஆர்.ஓ.எம். (திருமணப் பதிவு) மட்டும் செய்தால் கல்யாணம் ஆகிவிடுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் 27 வயதுப் பெண். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், ஈப்போவில் வேலை. பையனும் இதே ஊர்தான். சில வருடமாக மெல்பர்னில் இருக்கிறார், அங்கே பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைத்துவிட்டது. இரண்டு வீட்டிலும் மறுப்பு இல்லை. ஆனால் பையன் வீட்டார் எண்ணூறு பேருக்கு மண்டபம் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். பெண்ணின் அப்பா 55 வயதில் கைக்கு வந்த ஈப்பிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தை அப்படியே அதில் போடத் தயாராகிவிட்டார். "அப்பா முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த காசு ஒரே ராத்திரியில் பிரியாணியாகப் போவதைப் பார்க்க என்னால் முடியாது அக்கா" என்று எழுதியிருக்கிறார். ஜூலை கடைசியில், அங்கே குளிர்காலத்தில், இரண்டு சாட்சிகளோடு பதிவுத் திருமணம் செய்துகொண்டால் இங்கே செல்லுமா? தாலி இல்லாவிட்டால் அது கல்யாணமா? ஊர் 'ஓடிப்போய்விட்டாள்' என்று சொல்லுமே, அதற்கு என்ன செய்வது?

செல்லும் தங்கச்சி. முழுக்கச் செல்லும். ஆனால் சில வேலைகளைச் சரியாகச் செய்தாக வேண்டும். நான் இந்த ஊரில் ஒரு வக்கீல் ஆபீசில் 26 வருடமாகக் கிராணி (குமாஸ்தா) வேலை பார்க்கிறேன். வக்கீல் இல்லை. ஆனால் தோட்டத்து ஆட்களின் கல்யாணப் பத்திரம், சத்தியப் பிரமாணக் கடிதம், பேர் மாற்றம் எல்லாம் என் கையில் டைப் அடித்துத்தான் போகும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நம் ஊரில் பலர் தலைகீழாகப் பிடித்து வைத்திருக்கும் ஒரு விஷயம். "ஆர்.ஓ.எம். முடிந்தது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை" என்று சாதாரணமாகச் சொல்வோம். பதிவு என்பது ஏதோ நிச்சயதார்த்தம் மாதிரி, தாலி கட்டுவதுதான் நிஜக் கல்யாணம் என்று ஒரு நினைப்பு. சட்டம் அதற்கு நேர் எதிர். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், அதாவது 164ஆம் சட்டம், 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் வழக்கப்படி தாலி கட்டியவர்களின் திருமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு, பதிவாளர் முன்போ, பதிவாளராக நியமனம் பெற்றவர் இருக்கும் கோயிலிலோ நடந்தால்தான் திருமணம். ஆயிரம் பேர் பார்க்கத் தாலி கட்டி, மூன்று நாள் விருந்து வைத்தாலும், பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணுக்கு நீங்கள் இருவரும் தனித்தனி ஆட்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருடத்துக்கு முன் ஓர் அம்மா என் மேசைக்கு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வேலையில் இருந்த கணவர் இறந்துவிட்டார். பதினாறு வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்கள், இரண்டு பிள்ளைகள். விதவைக்கு வரவேண்டிய சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணத்துக்குக் கல்யாணப் பத்திரம் கேட்டார்கள். அவரிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டுகிறபோது எடுத்தது, ஓரத்தில் மஞ்சள் ஏறிப்போயிருந்தது. பின்னால் சுவரில் நாள்காட்டி தொங்கியது. அதில் வருடம் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தெரிந்தது. 1989. அதாவது சட்டம் வந்து ஏழு வருடம் கழித்து. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை, ஏனென்றால் அந்தப் போட்டோவே அவருக்கு எதிரான சாட்சி. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எல்லாரும் இருக்காங்கம்மா, பூசாரி இருக்காரு, எங்க மாமா இருக்காரு" என்று ஒவ்வொரு முகமாக விரலை வைத்துக் காட்டினார்.

பிள்ளைகளுக்கும் இதே கதிதான். பதிவு இல்லாத தம்பதியின் பிள்ளைக்குக் குடியுரிமை அம்மாவை வைத்துத்தான் பார்க்கப்படும். அப்பா நீல ஐசி (குடிமக்களுக்கான அடையாள அட்டை) வைத்திருந்தாலும் அம்மாவுக்குக் குடியுரிமை இல்லையென்றால் பிள்ளைக்கு வம்பு ஆரம்பம். தமிழ்ப்பள்ளியில் சேர்க்கப் போகும்போதுதான் பல பெற்றோருக்கு அது தெரியவரும்.

ஆகவே நீங்கள் கேட்ட சின்னக் கல்யாணத்தில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எண்ணூறு பேர் இல்லாமல் கல்யாணம் நடக்கும், மேளம் இல்லாமல் நடக்கும். பதிவு ஒன்று இல்லாமல்தான் நடக்காது. நீங்கள் அந்த ஒன்றைத்தானே செய்யப் போகிறீர்கள்?

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். "வெறும் பேப்பர்தானே, தாலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதிவு செய்துவிட்டு, தாலி கட்டும் முன்பே மனம் மாறிப் பிரிந்துபோகப் பார்த்தவர்களும் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களும் பிரிய வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டும். அதுவும் மணவிலக்கு என்றால், திருமணமாகி இரண்டு வருடம் ஆகும் முன் மனுவே போட முடியாது, விதிவிலக்கான சூழ்நிலை அல்லது கடுந்துன்பம் என்று நீதிமன்றத்துக்குக் காட்டினால் தவிர. மெல்பர்னில் அந்த அரைமணி நேரத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டதும் மனைவி. இதை இருவரும் உட்கார்ந்து ஒரு முறை வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

சரி, இனி மெல்பர்ன் வேலைகள்.

ஆஸ்திரேலியாவில் 'நோட்டிஸ்' என்று ஒரு பாரம் உண்டு, திருமணம் செய்ய எண்ணியிருக்கிறோம் என்ற அறிவிப்பு. திருமண நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கொடுத்த பிறகு 18 மாதம் வரை செல்லும். நீங்கள் இங்கே இருந்துகொண்டே கையெழுத்துப் போடலாம், ஆனால் ஆஸ்திரேலியத் தூதரக அதிகாரி அல்லது நோட்டரி பப்ளிக் முன்னால் போட வேண்டும். சாதாரணச் சத்தியப் பிரமாண ஆணையர் கையெழுத்தும் நோட்டரியும் ஒன்று இல்லை, அங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள். அதுவும் தோதுப்படாவிட்டால் பையன் மட்டும் அங்கே கையெழுத்துப் போட்டு அனுப்பலாம், நீங்கள் போய் இறங்கிய பிறகு, சடங்குக்கு முன் பதிவாளர் எதிரில் போட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டில் ஜேபிஎன்-இல் (தேசியப் பதிவுத் துறை) விண்ணப்பித்தால் 21 நாள் அறிவிப்புப் பலகையில் பெயர் தொங்கும், ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். சின்ன ஊரில் அதைப் பார்த்துவிட்டு உங்கள் அம்மாவுக்கு முன்னால் பக்கத்து வீட்டு அத்தைக்குத் தெரிந்துவிடும். மெல்பர்னில் அந்தப் பாரத்தை யாரும் பலகையில் ஒட்டுவதில்லை. திருமணமாகாதவர் என்ற சான்றிதழும் அந்த நாடு கேட்பதில்லை. பிறந்த தேதிக்கும் பிறந்த இடத்துக்கும் அத்தாட்சி, அடையாளத்துக்கு அத்தாட்சி, முன்பு திருமணமாகியிருந்தால் அது முடிந்ததற்கான தாள். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) ஒன்றே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

இதில் நான் மிகவும் பயப்படுகிற இடம் பெயர். தோட்டத்தில் பிறந்தவர்களின் பெயரை ஆஸ்பத்திரியில் ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், ஐசி எடுக்கும்போது இன்னொருவர் வேறு மாதிரி எழுதுவார். லெட்சுமி ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் 'டி' போட்டு வரும், இன்னொன்றில் 'க்ஷ' ஆகிவிடும். போதாததற்கு நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'அ/பெ' (மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) என்று நடுவில் போட்டு அப்பா பேர் எழுதுவோம். ஆஸ்திரேலியப் பாரத்தில் குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கும். அங்கே எதை எழுதுவது என்று தெரியாமல் ஒருவர் மாப்பிள்ளை பெயரை எழுதிவிட்டார். திரும்பி வந்து பதிவு செய்யப் போனபோது, கடப்பிதழில் இருக்கும் பெண்ணும் பத்திரத்தில் இருக்கும் பெண்ணும் வேறு வேறு ஆளாகத் தெரிந்தார்கள். அதைச் சரிசெய்ய அவர் எத்தனை நடை நடந்தார் என்று எனக்குத்தான் தெரியும். கடப்பிதழில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். கட்டம் பிரிக்கும் விதத்தை அந்தப் பதிவகத்திடமே மின்னஞ்சலில் கேட்டு, அவர்கள் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணம் நடக்கும் இடம் நல்ல இடம். விக்டோரியா மாநிலத்தின் திருமணப் பதிவகம் ஸ்பிரிங் வீதியில் பழைய கருவூலக் கட்டடத்தில் இருக்கிறது. தங்கம் தோண்டிய காலத்தில், 1858இல் தொடங்கி 1862இல் முடித்த கட்டடம். தங்கத்தை வைக்கக் கீழே பெட்டக அறைகள் கட்டினார்கள். வரைபடம் போட்ட ஜே. ஜே. கிளார்க்குக்கு அப்போது 19 வயதுதானாம். காலின்ஸ் வீதி முழுக்க நடந்து வந்தால் அதன் தலைமாட்டில் அந்தக் கட்டடம் நிற்கும். பக்கத்திலேயே பூங்கா. வாசல் படிக்கட்டில் நின்று ஒரு படம் எடுத்தால் மண்டப மேடை எதுவும் அதற்கு ஈடு வராது. வார நாளில் எளிய சடங்காகக் கேட்டு, நோட்டிஸ் கொடுக்கும்போதே தேதியையும் பிடித்துவிடுங்கள்.

சாட்சிக்கு 18 வயது நிரம்பிய இரண்டு பேர். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை, பையனோடு வேலை செய்கிறவர்கள் போதும். சடங்குக்கு முன் நடத்திவைப்பவர் உங்கள் இருவரையும் தனித்தனியாகப் பார்த்து, சொந்த விருப்பத்தோடுதான் வந்திருக்கிறீர்களா என்று உறுதி செய்துகொள்வார். அங்கே அது சட்டம். நம் சட்டத்திலும் இருவரும் மனமொப்பிச் சம்மதிக்கிறார்கள் என்று பதிவாளருக்குத் திருப்தி வந்தாக வேண்டும். எனக்கு இதில் பெரிய மதிப்பு உண்டு. நான் பார்த்த எத்தனையோ பந்தலில் 'உனக்குச் சம்மதமா' என்று பெண்ணை யாரும் கேட்டதில்லை. அங்கே கதவை மூடிவிட்டு அவளிடம் மட்டும் கேட்கிறார்கள்.

தாலியைப் பற்றிக் கேட்டீர்கள். சட்டப்படி சொல்ல வேண்டிய வாசகத்தைச் சொல்லி முடித்த பிறகு, மற்றவர்கள் மோதிரம் மாற்றும் இடத்தில் நீங்கள் தாலி கட்டிக்கொள்ளலாம். முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும். ஆனால் கொண்டுபோகும் விதத்தில் கவனம். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் செடி கொடி சம்பந்தப்பட்ட எதையும் விடமாட்டார்கள். மல்லிகைச் சரம், வெற்றிலை, தேங்காய், மாவிலை எதுவும் பெட்டியில் வைக்காதீர்கள். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு முடிந்து கொண்டுபோவார்கள் நம் அம்மாமார்கள். அந்தக் கிழங்கு வேண்டாம். பொன் தாலியை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு, கயிற்றை அங்கே கட்டிக்கொள்ளுங்கள். எதுவானாலும் சந்தேகம் இருந்தால் அறிவிப்பு அட்டையில் எழுதிக் காட்டிவிடுங்கள், மறைத்தால்தான் அபராதம். மாலையும் மற்றதும் டாண்டினாங்கில் இருக்கும் இந்தியக் கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள். கையெழுத்து முடிந்ததும் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கோ, சன்ஷைன் பக்கம் முருகன் கோயிலுக்கோ போய் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வாருங்கள். மனசு நிறைந்துவிடும்.

குளிரை லேசாக எடுக்காதீர்கள். கேமரன் மலையில் சுவெட்டர் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிற குளிர் இல்லை அது. ஜூலையில் பகலிலேயே 14 டிகிரிக்கு மேல் ஏறுவது கஷ்டம், விடியலில் ஆறு, ஏழு. காற்றும் மழைத் தூறலும் சேர்ந்துகொள்ளும். பட்டுப்புடவைக்கு அடியில் தெர்மல் (குளிர் தாங்கும் உள்ளாடை) போட்டுக்கொள்ளலாம், வெளியே தெரியாது. ரவிக்கையைக் கைநீளமாக, ஒரு விரல்கடை தளர்வாகத் தைக்கக் கொடுங்கள், தெர்மலோடு போட்டுப் பார்த்து அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஐந்தேகால், ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ஆகவே நேரம் கேட்கும்போது மதியத்துக்கு முன் கேட்டால் படமும் நன்றாக வரும், பகல் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும்.

இன்னொன்று, ஜூலை கடைசி என்றால் ஆடி. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். நீங்கள் பார்க்கமாட்டீர்கள், உங்கள் அம்மா பார்ப்பார். ஊரும் 'ஆடியில் போய் கட்டிக்கொண்டாள்' என்று பத்து வருடம் கழித்தும் சொல்லும். ஜூலை முதல் இரண்டு வாரம் ஆனிதான், குளிரும் அதே குளிர்தான். தேதியை முன்னால் தள்ளுவதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

விசா பற்றிச் சுருக்கமாக. மலேசியக் கடப்பிதழுக்குச் சுற்றுலாவுக்கான ஈடிஏ (மின்னணுப் பயண அனுமதி) போதும், அதில் போய்த் திருமணம் செய்யத் தடை இல்லை. ஆனால் கல்யாணம் ஆனதால் மட்டும் அங்கே தங்கும் உரிமை வராது. அதற்குத் தனியாகத் துணைவர் விசா கேட்க வேண்டும், விண்ணப்பக் கட்டணமே 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். மண்டபத்தில் மிச்சமான காசுக்கு அங்கே வேலை இருக்கிறது.

இப்போது மறக்கவே கூடாத பகுதி. திருமணத்தன்று கையில் கொடுக்கும் அழகான தாள் நினைவுக்கு வைத்துக்கொள்ள. அரசுப் பத்திரம் வேறு. அதை விக்டோரியாவின் பிறப்பு இறப்புத் திருமணப் பதிவுத்துறையிடம் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். அதை வைத்து 6 மாதத்துக்குள் மெல்பர்னில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்திலோ, நாடு திரும்பி ஜேபிஎன்-இலோ இருவரும் போய் நம் நாட்டிலும் பதிந்துகொள்ளுங்கள். 164ஆம் சட்டத்தின் 31ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. பதியாமல் விட்டால் கல்யாணம் இல்லையென்று ஆகாது. அங்கே முறைப்படி நடந்தது இங்கேயும் திருமணம்தான். ஆனால் நாளைக்கு ஈப்பிஎப், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம், வீட்டுக் கடன் என்று எதற்குப் போனாலும் இந்த நாட்டுத் தாளைத்தான் கேட்பார்கள். நாள் கடந்தால் அபராதமும் விளக்கக் கடிதமும். மெல்பர்னிலேயே முடித்துவிட்டு வருவது நல்லது, இருவரும் ஒரே ஊரில் இருப்பது அப்போதுதான்.

உங்களுக்கு 21 தாண்டிவிட்டதால் பெற்றோர் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. பையன் தாய்மாமன் முறையாக இருந்தால் மட்டும் புறப்படும் முன் வக்கீலைப் பாருங்கள். இந்து வழக்கப்படி தாய்மாமனைக் கட்ட நம் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் வெளிநாட்டில் வெறும் பதிவாகச் செய்யும்போது அது கேள்விக்கு வரலாம். மாமன் மகன், அத்தை மகன் என்றால் பிரச்சினை இல்லை.

ஊர் பேச்சுக்கு வருகிறேன். ஓடிப்போவது என்பது சொல்லாமல் போவது. நீங்கள் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டில் அடிப்பார்கள், அடைத்து வைப்பார்கள் என்ற நிலை இருந்தால் நான் வேறு மாதிரி சொல்வேன், பத்திரமாக வெளியேறுவதுதான் முதல் வேலை என்பேன். உங்கள் வீடு அப்படி இல்லை. மண்டபத்தில்தான் சண்டை, மாப்பிள்ளையில் இல்லை. டிக்கெட் எடுக்கும் முன் அப்பாவிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். அம்மாவிடம் முதலில் சொன்னால் அழுகையில் நின்றுவிடும். "அந்தக் காசு உங்க வயசுக்காலத்துக்கு வேணும்ப்பா" என்று சொல்லுங்கள். தோட்டத்து வேலையில் இருந்தவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, தோட்டம் கைமாறினால் லயத்து வீடும் (தொழிலாளர்களின் வரிசை வீடு) போய்விடும். அவருக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் மகள் வாயால் கேட்ட பிறகுதான் பெரும்பாலான அப்பாக்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

முடிந்தால் அம்மா அப்பா இருவருக்கும் டிக்கெட் எடுங்கள். மண்டப முன்பணத்தைவிடக் குறைவாகத்தான் வரும். வர முடியாவிட்டால், கையெழுத்துப் போடும் நேரத்துக்கு வாட்ஸ்அப் அழைப்பில் உட்காரச் சொல்லுங்கள். ஜூலையில் மெல்பர்ன் நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால். அங்கே பதினொன்று என்றால் இங்கே காலை ஒன்பது. சாமி விளக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். திரும்பி வந்த பிறகு தோட்டத்துக் கோயிலில் ஒரு பூசை, லயத்தில் ஒன்றாக வளர்ந்த ஐம்பது அறுபது பேருக்கு வாழையிலையில் சாப்பாடு. பையன் வீட்டாரையும் அந்தப் பந்தியில் முன்னால் உட்கார வையுங்கள், அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த மரியாதைதான்.

நோட்டிஸ் பாரத்தை அனுப்பும் முன் அதையும், உங்கள் கடப்பிதழ், ஐசி, பிறப்புப் பத்திரம் மூன்றையும் வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அப்படியே அனுப்பிவிடாதீர்கள். முதலில் எங்கள் ஆபீஸ் மாதிரி ஒரு வக்கீல் ஆபீசில் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணக் கடிதம் டைப் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான்.